கம்யூனிட்டிக்காக ஒரு கேம் கம்பெனி எதை விட்டுக்கொடுக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: சின்ன கேம் கம்பெனி, இரண்டு கேம் வெளியிட்டாகிவிட்டது, மூன்றாவது தயாராகிறது. இதுவரை அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்து முடிவு எடுத்தோம், இனிமேல் விளையாடுபவர்களை மையமாக வைத்து, அவர்களோடு சேர்ந்து தொழில் செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் சர்வர் (குழு) திறவுங்கள், சர்வே அனுப்புங்கள், விளையாடுவதை நேரலையில் காட்டும் ஸ்ட்ரீமர்களைப் பிடியுங்கள் என்று கருவிகளை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்குத் தெரிந்து விஷயம் அதிகாரத்தில் இருக்கிறது. கடந்த ஒரு வருடத்தில், உங்களுக்குப் பணமோ உழைப்போ வீணாகும் என்று தெரிந்தும், விளையாடுபவர்கள் சொன்னதற்காக நீங்கள் மாற்றிய முடிவு எது? யோசித்துப் பாருங்கள். ஒன்றாவது நினைவுக்கு வந்தால் நல்ல இடத்தில்தான் இருக்கிறீர்கள். எதுவும் வரவில்லை என்றால் உங்கள் சர்வரில் ஐம்பதாயிரம் பேர் இருந்தாலும் அது வெறும் அறிவிப்புப் பலகை.

நான் ஆறு வருடம் ஒரு கம்பெனியில் கம்யூனிட்டி வேலை பார்த்தவன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் ஆட்கள் என்ன பேசினார்கள், எங்கே எரிச்சல், எந்த பக் (பிழை) திரும்பத் திரும்ப வருகிறது என்று மூன்று பக்கம் எழுதி அனுப்புவேன். திங்கள்கிழமைக் கூட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் எனக்கு. அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த மூன்று மாத வேலை மொத்தமும் முடிவாகியிருக்கும். எல்லோரும் தலையாட்டுவார்கள், யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, ஆனால் நான் பேச ஆரம்பிக்கும்போது மாற்றுவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. அப்புறம் புதிதாக வந்த ஒரு தயாரிப்பாளர் என் பத்து நிமிடத்தைக் கூட்டத்தின் முதலுக்கு மாற்றினார். அவ்வளவுதான் செய்தார். அந்தக் காலாண்டில் மட்டும் இரண்டு வேலைகள் தள்ளிப்போய், ஒரு வருடமாகப் புகாரில் இருந்த லாகின் பிரச்சினை சரியானது. ஆகவே செலவே இல்லாத முதல் மாற்றம் இதுதான்: விளையாடுபவர்களோடு தினமும் பேசும் ஆள் திட்டமிடும் அறையில் உட்கார வேண்டும், முடிவுக்கு முன்னால் பேச வேண்டும், தேவைப்பட்டால் ஒரு வேலையை நிறுத்திவைக்கச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

சரி, யார் பேச்சைக் கேட்பது? இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். இணையக் குழுக்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் படிப்பதோடு சரி, மிச்சமிருப்பவர்களில் மிகச் சிலரே தொடர்ந்து எழுதுகிறார்கள் என்று பயன்பாட்டியல் நிபுணர் யாக்கோப் நீல்சன் 2006-ல் எழுதினார். கேம் கம்யூனிட்டிகளில் வேலை பார்த்த யாருக்கும் இது புதிதாக இருக்காது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஐந்நூறு மணி நேரம் விளையாடியவர்கள். முதல் இருபது நிமிடத்திலேயே கேமை மூடிவிட்டுப் போனவர் உங்களிடம் எதையும் சொல்லப் போவதில்லை, சொல்லும் அளவுக்கு அவருக்கு உங்கள் மேல் அக்கறை வந்திருக்கவே இல்லை. அவரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றால் காதோடு கண்ணும் வேண்டும். கேமைப் பார்த்தே இராத ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பின்னால் நின்று, வாயைத் திறக்காமல் பாருங்கள். 'அந்தக் கதவைத் திற' என்று சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லக் கூடாது. ஹாலோ 3 தயாரிப்பின்போது மைக்ரோசாஃப்டின் ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்கணக்கான சாதாரண ஆட்களை விளையாட வைத்து, வரைபடத்தில் எங்கெங்கே சாகிறார்கள், எங்கே வழி தெரியாமல் சுற்றுகிறார்கள் என்று புள்ளி வைத்துப் பார்த்து கேமின் மட்டங்களை (லெவல்களை) திருத்தினார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ன் பயிற்சிப் பகுதியைச் சோதித்தபோது இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவர் தடுமாறியதும் காரணம் தெளிவாக இருந்தால் அடுத்த ஆள் வருவதற்குள் அதைத் திருத்தி, திருத்தியதை அடுத்தவரிடம் சோதித்தார்கள். சின்னக் கம்பெனிக்கு இந்த முறை இன்னும் சுலபம், உங்களிடம் டிசைனரும் புரோகிராமரும் ஒரே மேசையில்தானே இருக்கிறார்கள்.

கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. வலி எங்கே என்று விளையாடுபவர் சொன்னால் அது ஏறக்குறைய எப்போதும் சரி. மருந்து எது என்று அவர் சொன்னால் அது பல நேரம் தப்பு. 'இந்தத் துப்பாக்கி பலவீனம், சேதத்தைக் கூட்டுங்கள்' என்று நூறு பேர் எழுதுவார்கள். போய்ப் பார்த்தால் சேதம் சரியாகவே இருக்கும், குண்டு பட்டதற்கான சத்தம் மெல்லியதாக இருக்கும், அதனால் பட்ட மாதிரியே தோன்றாது. அதனால் புகாரை வாங்கும்போது 'கடைசியாக இது நடந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்று கேட்டுப் பழகுங்கள். 'என்ன வேண்டும்?' என்று கேட்டால் பட்டியல் வரும், 'என்ன நடந்தது?' என்று கேட்டால் காரணம் வரும்.

கேட்டாயிற்று, பார்த்தாயிற்று. முடிவில் அவர்களுக்கு எவ்வளவு பங்கு கொடுப்பது? ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமைத்தான் நான் எப்போதும் முதலில் சொல்வேன். ரூன்ஸ்கேப்பின் பழைய 2007 வடிவத்தைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று அதை நடத்தும் ஜாகெக்ஸ் கம்பெனி 2013-ல் வாக்கெடுப்பு வைத்தது, 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள், கேம் பிறந்தது. அதற்குப் பிறகு முக்கியமான புதிய சேர்க்கைகளை வாக்குக்கு விடுவது வழக்கமானது. வெறும் பெரும்பான்மை போதாது, 75 சதவீதம் ஆதரவு வேண்டும் என்று நீண்ட காலம் வைத்திருந்தார்கள், பின்னால்தான் அதை 70 ஆக்கினார்கள். 2019-ல் வார்டிங் என்ற புதிய திறனை முன்மொழிந்து, அதற்காக நிறைய வடிவமைப்பு வேலையும் பார்த்திருந்தார்கள். வாக்கில் அது தோற்றது. கைவிட்டார்கள். அந்தக் கம்பெனி தன் வாக்கெடுப்பை மதிக்கிறது என்று விளையாடுபவர்கள் நம்புவதற்கு இப்படிப்பட்ட தோல்விகள்தான் காரணம் என்பேன், ஜெயித்த வாக்கெடுப்புகளால் அந்த நம்பிக்கை வராது.

அதற்காக எல்லாவற்றையும் வாக்குக்கு விடாதீர்கள். மைன்கிராஃப்ட் 2017-லிருந்து சில வருடங்கள் 'இந்த மூன்று நான்கு பிராணிகளில் எது கேமுக்குள் வரட்டும்?' என்று வாக்கெடுப்பு நடத்தியது. கேட்க இனிமையான யோசனைதான். ஆனால் தோற்ற பிராணிகளை விரும்பியவர்கள் ஒவ்வொரு முறையும் எதையோ பறிகொடுத்த உணர்வோடு போனார்கள், கூட்டம் பிரிந்து சண்டை போட்டது, 2023-ல் வாக்கெடுப்பையே நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் நடந்தது, அடுத்த வருடம் கேமைத் தயாரிக்கும் மொஜாங் அதை விட்டுவிட்டது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ரூன்ஸ்கேப்பில் 'இது வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் கிடைத்தது. மைன்கிராஃப்டிலோ மூன்றையும் காட்டி ஆசை ஏற்படுத்திவிட்டு ஒன்றை மட்டும் கொடுத்தார்கள். பாதுகாப்பு, ஏமாற்று வேலையைத் தடுப்பது, ஆயுதங்களின் சமநிலை, இதெல்லாம் வாக்குக்கு வரவே கூடாது. ஏனென்றால் இவற்றில் பெரும்பான்மையின் ஆசையே பல நேரம் கேமைக் கொன்றுவிடும்.

வாக்கு ஒரு வழி, பிரதிநிதிகள் இன்னொரு வழி. ஐஸ்லாந்தின் சிசிபி கம்பெனி ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமுக்காக 2008-லிருந்து விளையாடுபவர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு சபையை நடத்துகிறது. 2011-ல் விலை அதிகமான அலங்காரப் பொருட்கள், கம்பெனியின் உள் ஆவணம் ஒன்று கசிந்தது என்று பெரிய கலவரமே வந்தது. ஆட்கள் விண்கப்பல்களோடு ஜீட்டா என்ற வணிகத் தளத்தில் கூடி அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். கம்பெனி அந்தச் சபையை அவசரமாக ஐஸ்லாந்துக்கு அழைத்துப் பேசியது, சில மாதம் கழித்து தலைமை அதிகாரியே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சபை இருந்ததால் கலவரம் தடைப்படவில்லை, அது உண்மை. ஆனால் யாரோடு உட்கார்ந்து பேசுவது என்ற கேள்வி வந்தபோது எதிரே பெயர் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். உங்களுக்குத் தேர்தல் எல்லாம் தேவையில்லை. புதிதாக வந்தவர், பழம் தின்று கொட்டை போட்டவர், மாட் செய்பவர் (கேமைத் தானே மாற்றியமைத்துப் பகிர்பவர்), பார்வைக் குறைபாடோடு விளையாடுபவர் என்று விதவிதமான ஏழெட்டுப் பேரோடு மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் பேசினாலே போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதிப் பேரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அவர்களும் கம்பெனிக்காரர்கள் மாதிரியே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது பணம். இதைப் பேசாமல் விளையாடுபவர் மையம் என்று பேசுவதில் அர்த்தமே இல்லை, மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இந்த ஒரு இடத்தில் கம்பெனிகள் கவிழ்வதைப் பார்த்திருக்கிறேன். 2017-ல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2 வந்தபோது முழு விலை கொடுத்து வாங்கியவர்கள்கூட டார்த் வேடர் பாத்திரத்தைத் திறக்க மணிக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது, பக்கத்திலேயே லூட் பாக்ஸ் (உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டி) கடை திறந்திருந்தது. உழைத்துப் பெறுவதில் பெருமிதம் உண்டு என்கிற மாதிரி அதை வெளியிட்ட இஏ கம்பெனியின் தரப்பு ரெட்டிட் தளத்தில் பதில் எழுதியது, அந்தப் பதிலுக்கு 6 லட்சத்துக்கும் மேல் எதிர்வாக்குகள் விழுந்தன. கேம் வெளியாவதற்கு முந்தைய நாளே உள் விற்பனையை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அடுத்த ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில கேம்களின் லூட் பாக்ஸ்கள் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகின்றன என்று அறிவித்தது. அந்தக் கம்பெனியில் கம்யூனிட்டி ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வருமானத் திட்டம் விளையாடுபவரின் பொறுமையைக் கரைத்து எடுக்கிற மாதிரி வடிவமைக்கப்பட்டிருந்தால், எவ்வளவு நல்ல ஆள் வந்து பதில் எழுதினாலும் எடுபடாது.

இதற்கு எதிர்ப்பக்கம் வார்ஃபிரேம் என்ற கேம். வளர்ப்புப் பிராணியின் நிறத்தைச் சின்னத் தொகைக்குக் குலுக்கல் முறையில் மாற்றும் வசதி ஒன்றை அதன் டெவலப்பர்கள் விட்டார்கள். ஒருவர் அதை 200 முறை அழுத்தியிருப்பதைக் கண்டதும், இதைச் செய்துவிட்டோமே என்று பதறி, சில நாட்களுக்குள் எடுத்துவிட்டார்கள். வருமான அட்டவணையில் அந்த 200 நல்ல செய்தியாகத்தான் தெரிந்திருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கத் தெரிந்தவர் அந்த அறையில் இருந்ததுதான் விஷயம். உங்கள் டாஷ்போர்டில் என்ன எண்கள் இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். தினசரி ஆட்கள், ஆளுக்கு எவ்வளவு வருமானம், இவை மட்டும் இருந்தால் உங்கள் குழு அவற்றைத்தான் துரத்தும். ஒரு மாதம் விலகிப் போனவர் திரும்பி வருகிறாரா, நண்பரைக் கூட்டிவருகிறாரா, பணம் திருப்பிக் கேட்பவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள், இவற்றையும் அதே பலகையில் அதே அளவில் வையுங்கள்.

பணத்தைப் பங்கிடுவதும் இதில்தான் வரும். டோட்டா 2 கேமின் இன்டர்நேஷனல் போட்டிக்காக 2013-ல் அதை நடத்தும் வால்வ் கம்பெனி ஒரு டிஜிட்டல் கையேடு விற்று, அதில் 25 சதவீதம் பரிசுத் தொகைக்குப் போகும் என்று வெளிப்படையாகச் சொன்னது. அந்த வருடம் பரிசு 16 லட்சம் டாலரில் தொடங்கி 28 லட்சத்தைத் தாண்டியது, 2021-ல் 4 கோடி டாலருக்கு மேல் போனது. ஆனால் அதே வால்வ், செய்தவருக்கு அதே 25 சதவீதம் என்று 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் கேமின் மாட்களுக்கு விலை வைக்கும் வசதியை அதன் தயாரிப்பாளர் பெத்தஸ்டாவுடன் சேர்ந்து கொண்டுவந்தபோது சில நாட்களிலேயே திரும்பப் பெற வேண்டியிருந்தது. டோட்டாவில் அதுவரை இல்லாத ஒன்று புதிதாகச் சேர்ந்தது. ஸ்கைரிமிலோ வருடக்கணக்காக இலவசமாகப் பகிர்ந்து, ஒருவர் வேலையின் மேல் இன்னொருவர் கட்டி வளர்ந்த ஒரு வழக்கத்துக்குள் யாரையும் கேட்காமல் கல்லாப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார்கள். கம்யூனிட்டிக்குள் ஏற்கெனவே ஒரு பொருளாதாரம் இருக்கிறது, அதில் காசு இல்லாவிட்டாலும் கடன்பாடு, மரியாதை, உரிமை எல்லாம் இருக்கின்றன. அதைப் படிக்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

மாட் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1993-ல் டூம் என்ற கேம் வந்தபோது அதைத் தயாரித்த ஐடி சாஃப்ட்வேர் (id Software) கம்பெனி, படங்கள், மட்டங்கள் எல்லாவற்றையும் எஞ்சினிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பாக வைத்தது, யார் வேண்டுமானாலும் மாற்றலாம். வால்வின் ஹாஃப் லைஃப் கேமின் மேல் இரண்டு பேர் மாட்டாகத் தொடங்கிய கவுன்டர் ஸ்டிரைக்கை வால்வ் 2000-ல் தன்னோடு சேர்த்துக்கொண்டு கடையில் விற்றது, இன்றைக்கும் அந்தத் தொடர் ஓடுகிறது. வார்கிராஃப்ட் 3-ன் வரைபடக் கருவியிலிருந்து டோட்டா பிறந்தது, ஆனால் அதைப் பல வருடம் வளர்த்த ஐஸ்ஃபிராக்கை 2009-ல் வேலைக்கு எடுத்தது வார்கிராஃப்டைத் தயாரித்த பிளிசார்டு இல்லை, வால்வ். அதற்குப் பிறகு 2020-ல் வார்கிராஃப்ட் 3 மறுபதிப்பு வந்தபோது, இதில் செய்யும் தனிப்பயன் கேம்கள் எல்லாம் எங்கள் சொத்து என்று பிளிசார்டு விதியில் எழுதிக்கொண்டது. அவர்கள் பயம் புரிகிறது. ஆனால் தன் வேலை பிறகு தனக்குச் சொந்தமில்லை என்று தெரிந்தால் அடுத்த ஐஸ்ஃபிராக் அங்கே வந்து இரவு பகலாக உட்காருவாரா? மாட் கருவி கொடுப்பதாக இருந்தால், உள்ளே போவதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எளிய மொழியில் எழுதிவிடுங்கள்: எது செய்தவருக்குச் சொந்தம், விற்றால் யாருக்கு எவ்வளவு, கம்பெனி அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் எப்படிக் கேட்கும்.

தப்பு நடக்கும். நடந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில் இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு சுபாவம். ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் கேம் 2010-ல் மோசமாக வந்தது, பல மாதம் சந்தா வாங்கவே இல்லை, அந்த டிசம்பரில் பொறுப்பேற்ற நவோகி யோஷிடா விளையாடுபவர்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, என்ன சரியில்லை என்று ஒப்புக்கொண்டு, பழைய கேமை நடத்திக்கொண்டே புதியதைக் கட்டி 2013-ல் திரும்ப வெளியிட்டார். நோ மேன்ஸ் ஸ்கை என்ற கேம் 2016-ல் சொன்னதெல்லாம் இல்லாமல் வந்தது. அதைத் தயாரித்த ஹெலோ கேம்ஸ் ஏறக்குறைய வாயையே மூடிக்கொண்டு, நவம்பரிலிருந்து இலவச அப்டேட்டுகளாக விட்டது, 2024-ல்தான் ஸ்டீம் என்ற கேம் கடையில் வாங்கியவர்களின் மொத்த மதிப்பீடு மிகவும் நல்லது என்ற நிலைக்கு வந்தது. அதாவது எட்டு வருடம். பேசிக்கொண்டே சரிசெய்யலாம், பேசாமலும் சரிசெய்யலாம். சரிசெய்யாமல் பேசிக்கொண்டே இருப்பதுதான் நடக்காத காரியம். அந்த எட்டு வருடத்தைத் தாங்கும் பணம் உங்களிடம் இருக்காது என்றால், முடியாத வாக்குறுதியை டிரெய்லரில் போடுவதற்கு முன்பே நிறுத்த ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனி எடுத்த முடிவுக்குத் திட்டு வாங்குவது எப்போதும் கம்யூனிட்டி மேனேஜர்தான், அதுவும் தன் சொந்தப் பெயரில், இரவு இரண்டு மணிக்கு. கெட்ட செய்தியை அந்த முடிவை எடுத்தவரே தன் பெயர் போட்டுச் சொல்லட்டும். மிரட்டுபவரை, அவர் எவ்வளவு செலவு செய்தவராக இருந்தாலும், வெளியே அனுப்புங்கள். சம்பளம் இல்லாமல் உங்கள் சர்வரைக் காவல் காக்கும் தன்னார்வலர்களிடம் வாரம் இருபது மணி நேர வேலை வாங்கினால் அது வேலை, அதற்குச் சம்பளம் கொடுங்கள்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று: கேம் சாகும் நாள். யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று தி க்ரூ என்ற கார்ப் பந்தய கேமின் சர்வர்களை மூடியதும், தனியாக விளையாடியவர்களுக்கும் கேம் போய்விட்டது, காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் ஒன்றும் இல்லை. அதிலிருந்து கிளம்பிய இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது, யூபிசாஃப்டும் அடுத்த பாகத்துக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக அறிவித்தது. இன்னொரு பக்கம், 2012-ல் மூடப்பட்ட சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் கேமை ரசிகர்கள் தாங்களாகவே உயிரோடு வைத்திருந்தார்கள், ஹோம்கமிங் என்ற ரசிகர் குழுவுக்கு 2024 ஜனவரியில் அதன் உரிமையாளரான என்சிசாஃப்ட் முறையான உரிமமே கொடுத்தது. பதினோரு வருடம் பிந்தியது என்றாலும் கொடுத்தார்களே என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். உங்கள் மூன்றாவது கேம் இன்னும் தயாரிப்பில்தானே இருக்கிறது. சர்வர் குறியீட்டில் மற்றவர்களுக்குக் கொடுக்க முடியாத உரிமம் உள்ள பகுதிகளை இப்போதே தனியாகப் பிரித்து வையுங்கள், வெளியீட்டுக்குப் பிறகு அதைப் பிரிப்பது மகா கஷ்டம். மூடும் நாள் வந்தால் எத்தனை மாதம் முன்னால் சொல்வோம், எது ஆஃப்லைனில் ஓடும், சர்வர் மென்பொருள் யார் கைக்குப் போகும் என்று ஒரு பக்கம் எழுதி, கேமை விற்கும் பக்கத்திலேயே வாங்குபவர் கண்ணில் படும்படி போட்டுவிடுங்கள்.